பீரோ சாவி யாரிடம்?

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சின்ன அறக்கட்டளையில் கணக்கும் நிர்வாகமும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்துகிற டிரஸ்ட். ஒரு மையத்துக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தினமும் ஐந்து மணிக்குச் சைக்கிளில் வந்துவிடுவார். காசு வாங்க மாட்டார். டீ கூட வீட்டிலேயே குடித்துவிட்டுத்தான் வருவார். அதே மையத்தில் ஒருங்கிணைப்பாளராக ஒரு பெண் இருந்தார். இருபத்து நான்கு வயது, ஒன்பதாயிரம் ரூபாய் சம்பளம், இரண்டு பஸ் மாறி வர வேண்டும்.

ஒருநாள் ஸ்டாக் சரிபார்த்தபோது நாற்பது நோட்டுகள் குறைந்தன. அலுவலகத்திலிருந்து அந்தப் பெண்ணுக்குத்தான் போன் போனது. மறுநாள் அவர் பீரோவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார். ஐந்து மணிக்கு வந்த ஐயா பூட்டிய பீரோ முன்னால் நின்றார். பிள்ளைகள் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். நோட்டெல்லாம் உள்ளே.

“என்னம்மா, நான் திருடவா வர்றேன்?” என்று அன்று இரவு போனில் கேட்டிருக்கிறார்.

“அப்படி இல்ல சார். கணக்குன்னா என்னைத்தானே கேக்குறாங்க?”

இரண்டு பேர் சொன்னதும் நியாயம். ஐயா அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். ஒன்றரை மாதத்தில் அந்தப் பெண்ணும் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார். சாவி யாரிடம் இருக்க வேண்டும், ஒருவர் இல்லாதபோது இன்னொருவர் எப்படி எடுப்பது என்று அவர்களுக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

லாப நோக்கமில்லாத அமைப்புகளில் ஆட்களை நிர்வகிப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு இந்தச் சாவிதான் ஞாபகம் வரும். புதிதாக ஒரு டிரஸ்டோ சங்கமோ தொடங்கியிருப்பவர்களுக்கும், அப்படி ஒன்றில் பொறுப்புக்கு வந்திருப்பவர்களுக்கும் அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

இரண்டு வகை ஆட்கள், இரண்டு வகைக் கணக்கு

சம்பளம் வாங்குகிறவர் ஊழியர். வாங்காமல் விரும்பி வருகிறவர் தன்னார்வலர், பேச்சு வழக்கில் வாலண்டியர். பார்க்க எளிதான பிரிவினைதான். ஆனால் ‘சம்பளக்காரருக்குக் காசு முக்கியம், வாலண்டியருக்கு அக்கறை முக்கியம்’ என்று இதைப் புரிந்துகொண்டால் ஆரம்பத்திலேயே தடம் மாறிவிடும். ஒன்பதாயிரத்துக்கு இரண்டு பஸ் மாறி வந்த அந்தப் பெண்ணுக்கு அக்கறை இல்லை என்று யார் சொல்ல முடியும்? அதே திறமைக்குப் பக்கத்து ஜவுளிக்கடையில் இரண்டாயிரம் கூடக் கொடுத்திருப்பார்கள்.

உண்மையான வித்தியாசம், அமைப்பு அவர்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. ஊழியர் தன் நேரத்தை ஒப்பந்தத்தின் பேரில் தருகிறார். அதற்குச் சம்பளம், விடுப்பு, பிஎஃப், வேலையை விட்டால் முன்கூட்டியே அறிவிப்பு என்று எல்லாமே எழுத்தில் இருக்க வேண்டும். தன்னார்வலர் தன் நேரத்தை அன்பளிப்பாகத் தருகிறார். அவருக்குப் பதிலுக்குப் பணம் வேண்டாம். ஆனால் வந்த நேரம் வீணாகக் கூடாது, செய்கிற வேலை என்ன என்று தெரிய வேண்டும், செய்ததற்குப் பலன் கண்ணில் பட வேண்டும், மரியாதை குறையக் கூடாது. இவ்வளவையும் தராமல் ‘இலவசமாக ஆள் கிடைத்திருக்கிறது’ என்று நினைத்தால் அந்த ஆள் மூன்று மாதம் தாண்ட மாட்டார்.

இந்தத் துறையில் பாதிக் குழப்பத்துக்குத் தாய் ‘சேவை’ என்கிற ஒரு சொல். நல்ல சொல்தான். ஆனால் ஊழியரிடம் அதைச் சொல்லும்போது பெரும்பாலும் சம்பளத்தைக் குறைப்பதற்காகச் சொல்கிறோம்: “இது வேலை இல்லம்மா, சேவை.” தன்னார்வலரிடம் சொல்லும்போது கணக்குக் கேட்காமல் இருப்பதற்காகச் சொல்கிறோம்: “அவர் சேவைக்காக வர்றார், அவரை எப்படிக் கேக்குறது?” முதலாமவரிடம் வாங்கக் கூடாததை வாங்குகிறோம், இரண்டாமவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்லே சாக்கு.

வேலையை எப்படிப் பிரிப்பது?

ஆள் பற்றாக்குறை வந்தால், ஊழியருக்கு மிஞ்சிய வேலையைத் தன்னார்வலரிடம் தள்ளுவதுதான் வழக்கம். கவர் ஒட்டு, நாற்காலி போடு, ரிப்போர்ட் டைப் செய். இப்படிச் செய்கிற அமைப்பில் வாலண்டியர் நிலைப்பது அபூர்வம். வேலையின் தன்மையைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். சில வேலைகளைத் தன்னார்வலர்தான் நன்றாகச் செய்வார், ஊழியர் செய்தால் அந்த வேலையே கெட்டுவிடும். கொஞ்சம் வினோதமாகத் தோன்றலாம். அதனால் ஒரு பழைய கதை.

1953 நவம்பரில் லண்டனில் சாட் வாரா என்கிற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். அதுதான் பின்னால் ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பாக வளர்ந்தது. ஆலோசனை சொல்வது அவர் வேலை. நேரில் வருகிறவர்கள் காத்திருக்கும்போது டீ கொடுத்துப் பேச்சுத் துணையாக இருக்கச் சில தன்னார்வலர்கள் வந்தார்கள். கொஞ்ச நாளிலேயே அவர் ஒன்றைக் கவனித்தார். டீ கொடுத்தவர்களிடம் மனசு விட்டுப் பேசிய பலருக்கு, அதற்கு மேல் பாதிரியாரைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. வந்தவர்களுக்கு வேண்டியிருந்தது ஆலோசனை இல்லை, குறுக்கே பேசாமல் கேட்கிற ஒரு காது. 1954 பிப்ரவரியில் அந்தப் பொறுப்பையே தன்னார்வலர்களிடம் கொடுத்துவிட்டார். தேர்ந்தெடுப்பது, பயிற்சி கொடுப்பது, மேற்பார்வை பார்ப்பது ஆகியவற்றைத் தன் வேலையாக வைத்துக்கொண்டார்.

சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சினேகா’வும் இதே வழியில்தான் நடக்கிறது. போனில் கேட்பவர்கள் தன்னார்வலர்கள். சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஆள் இல்லை, எனக்காக நேரம் ஒதுக்கி வந்திருக்கும் இன்னொரு மனிதர் என்பதே பேசுகிறவருக்கு ஒரு தைரியம்.

இன்னும் கிட்டத்தில் கேரளத்தைப் பாருங்கள். ஊழியரும் தன்னார்வலரும் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி நிவாரணத்துக்கும் நோய்த்தணிப்பு சிகிச்சைக்கும் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். தீராத புற்றுநோயாளிகள், பக்கவாதத்தில் படுத்துவிட்டவர்கள் ஆகியோரின் வேதனையைக் குறைப்பது நோக்கம். மருத்துவமனைக்கு வர முடிந்தவர்கள் கொஞ்சம்பேர்தான், மிச்சப் பேர் வீட்டில் கிடந்தார்கள். எத்தனை டாக்டரைச் சம்பளத்துக்கு வைத்தாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர முடியாது. அப்போது, 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில், மலப்புரம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்து ஆட்களையே இதில் இறக்கினார்கள்.

அங்கே வேலை பிரிந்த விதத்தைக் கவனியுங்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, மருந்து அளவு பார்ப்பது ஆகியவை நர்ஸ், டாக்டர் வேலை. அதற்குச் சம்பளம் உண்டு. எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று கண்டுபிடிப்பது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது, அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று பார்ப்பது, ஊரில் சின்னச் சின்னத் தொகையாக வசூல் செய்வது ஆகியவை தன்னார்வலர் வேலை. சம்பள நர்ஸ் போய் “அரிசி இருக்கா?” என்று கேட்டால் அந்த வீட்டுக்காரர் கூச்சப்படுவார். நாலாவது வீட்டுக்காரர் கேட்டால் சொல்வார்.

அப்புறம், வாலண்டியர் என்பதற்காக ‘வந்தவரெல்லாம் வாருங்கள்’ என்று அங்கே விடவில்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முடிகிறவர்களாகப் பார்த்துக் கேட்டார்கள். 16 மணி நேரம் வகுப்பு. பிறகு நான்கு நாள் அனுபவசாலிகளோடு நோயாளிகளைப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் வேலை. இரண்டு மணி நேரம் என்பது சின்னக் கேள்விதான். ஆனால் திட்டவட்டமான கேள்வி. நம் ஊர் அழைப்பிதழ்களில் வருகிற ‘ஆர்வமுள்ளோர் தொடர்புகொள்ளவும்’ என்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம். தொடர்புகொண்ட ஆர்வமுள்ளோர் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்க்கப்பட்டு, காலை வணக்கம் படங்களைப் பார்த்துக்கொண்டே ஆர்வம் வடிந்து போவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

மதிப்பூதியம் என்கிற நடு நிலம்

சம்பளமும் இல்லை, இலவசமும் இல்லை, மாதம் ஒரு தொகை. அதற்குப் பெயர் மதிப்பூதியம். இந்த நடு நிலத்தில்தான் ஏமாற்றமும் வழக்கும் அதிகம்.

நேர்மையாகச் செய்ய முடியாது என்று இல்லை. 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபோது தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று முதலிலேயே சொல்லிவிட்டது. வேலை, மாலையில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம், பெரும்பாலும் தன் தெருப் பிள்ளைகளுக்கு. இதைச் சம்பளம் என்று யாரும் நினைத்து ஏமாற இடமில்லை. நேரம் குறைவு, தொகையும் வெளிப்படை.

சிக்கல் வருவது, முழு நேர வேலை வாங்கிக்கொண்டு தொகைக்கு மட்டும் மதிப்பூதியம் என்று பெயர் வைக்கும்போது. நாடே பார்த்த உதாரணம் அங்கன்வாடி. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலத்திலிருந்தே அங்கன்வாடிப் பணியாளர்களைக் கௌரவப் பணியாளர் என்றுதான் அரசு சொல்லி வந்தது. குழந்தைகளுக்குச் சாப்பாடு, எடை, பாடம், கர்ப்பிணிகளைப் பார்ப்பது, போதாததற்கு ஒரு மூட்டைப் பதிவேடு. ஆனால் வாங்குவது ‘மதிப்பூதியம்’, அதனால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, கிடையாது என்று வாதம். குஜராத்திலிருந்து போன வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று சொல்லிவிட்டது. பெயரை மாற்றினால் உறவு மாறாது.

சின்ன டிரஸ்டுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒருவர் தினமும் குறித்த நேரத்துக்கு வர வேண்டும், வராவிட்டால் விளக்கம் சொல்ல வேண்டும், மாதம் பிறந்தால் ஒரு தொகை வரும், அந்தத் தொகையை நம்பி அவர் வீடு ஓடுகிறது என்றால், நீங்கள் வவுச்சரில் என்ன எழுதினாலும் அவர் உங்கள் ஊழியர். அப்படியே நடத்திவிடுவது நல்லது. பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, போன் ரீசார்ஜ் ஆகியவற்றைப் பில்லுக்குத் தகுந்தபடி திருப்பிக் கொடுப்பது வேறு, அது மதிப்பூதியம் இல்லை. அதைத் தயங்காமல் கொடுங்கள். கேட்டு வாங்க வைக்காதீர்கள். கௌரவம் பார்த்துக் கேட்காமலேயே கைக்காசைப் போட்டுக்கொண்டு, ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுவிடுகிற வாலண்டியர்கள் உண்டு.

ஊழியர் பக்கம்

நன்கொடையாளர்கள் கேட்கிற முதல் கேள்வி: “எங்க பணத்துல எவ்வளவு சம்பளத்துக்குப் போகுது?” கேட்பதில் தப்பில்லை. ஆனால் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. சம்பளத்துக்குப் போவது வீண், நோட்டுப் புத்தகத்துக்குப் போவதுதான் தர்மம் என்று. ஒரு படிப்பு மையத்தில் நோட்டு என்ன செய்யும்? சொல்லிக் கொடுக்கிறவர் இருந்தால்தான் நோட்டுக்கே வேலை. பல அமைப்புகளில் ஆள்தான் திட்டம், சம்பளம்தான் திட்டச் செலவு.

வெளிநாட்டு நிதி வாங்குகிற அமைப்பு என்றால் இதற்கு ஒரு சட்டக் கணக்கும் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை போகலாம் என்று இருந்ததை 2020 திருத்தம் 20 சதவீதமாகக் குறைத்தது. அதனால் யாருடைய சம்பளம் நிர்வாகச் செலவு, யாருடையது திட்டச் செலவு என்கிற கேள்வி இப்போது உயிர்நாடி. மருத்துவமனை நடத்தும் அமைப்பில் டாக்டர் சம்பளம், பள்ளி நடத்தும் அமைப்பில் ஆசிரியர் சம்பளம் ஆகியவை நிர்வாகச் செலவில் சேராது. கணக்காளர், அலுவலக மேலாளர் சம்பளம் சேரும். வேலைக்கு எடுக்கும்போதே பணி விவரத்தைத் தெளிவாக எழுதி வைத்தால் வருடக் கடைசியில் ஆடிட்டர் முன்னால் தலையைச் சொறிய வேண்டாம்.

மற்றபடி, டிரஸ்ட் என்பதால் தொழிலாளர் சட்டங்கள் நமக்கு இல்லை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 20 பேர் வந்தால் பிஎஃப், 10 பேர் வந்தால் கிராஜுவிட்டி என்று வரிசையாக வரும். பதினொன்றாவது ஆளை எடுத்த பிறகு இல்லை, ஆறாவது ஆளை எடுக்கும்போதே ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஊழியரிடம் வேலை நேரம் முடிந்த பிறகு நாம் கேட்கிற சின்னச் சின்ன உதவிகள். ஞாயிற்றுக்கிழமை முகாம். “நம்ம வீட்டு விசேஷம் மாதிரி நினைச்சுக்கோங்க, எல்லாரும் வந்துருங்க.” அங்கே தன்னார்வலர்கள் மதியத்தோடு கிளம்பிவிடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், பாராட்டு வாங்குவார்கள். ஊழியர்கள் இரவு எட்டு மணி வரை பாயைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். மறுநாள் திங்கட்கிழமை ஒன்பதரைக்கு அட்டெண்டன்ஸ். மாற்று விடுப்பு கொடுக்காமல் இப்படி நான்கு ஞாயிறு போனால், ஊழியருக்கு வாலண்டியர் என்றாலே கசந்து போகும். அவர்களுக்குள் ஆகவில்லை என்று நாம் சொல்லிக்கொள்வோம். மூட்டிவிட்டது நாம்தான்.

தன்னார்வலர் பக்கம்

முதல் சந்திப்பில் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். “ஏன் வர்றீங்க?” என்று நேராகவே கேட்கலாம். பதில்கள் தினுசு தினுசாக இருக்கும். ஓய்வுபெற்றபின் வீட்டில் பொழுது போகவில்லை. கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு மணிக் கணக்கு வேண்டும். மனைவி இறந்துவிட்டார், தனியாக இருக்க முடியவில்லை. வேலை தேடுகிறேன், அனுபவச் சான்றிதழ் கிடைக்குமா? எதுவும் மட்டமான காரணம் இல்லை. காரணம் தெரிந்தால்தான் வேலையைப் பொருத்த முடியும். சான்றிதழுக்கு வருகிற மாணவரை ஆறு மாதம் ஒரே குழந்தைக்குப் பாடம் சொல்லச் சொன்னால் இரண்டாவது மாதம் அந்தக் குழந்தை ஏமாறும். அவருக்குப் பத்து நாள் நூலக வேலை கொடுங்கள், அருமையாகச் செய்வார்.

பேசியதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். என்ன வேலை, எந்த நாள், எத்தனை மணி, எத்தனை மாதம், வர முடியாவிட்டால் யாருக்குச் சொல்வது, யார் சொல்வதைக் கேட்பது, எந்தப் பொருளை எடுக்கலாம். இரண்டு பக்கமும் கையெழுத்து. “வாலண்டியர்கிட்ட போய்க் கையெழுத்து வாங்குறதா?” என்று சங்கடப்படுவார்கள். என் அனுபவத்தில் சங்கடம் நமக்குத்தான், அவர்களுக்கு இல்லை. கையெழுத்துப் போடச் சொன்னால், நம்மை ஒரு பொருட்டாக நினைக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

காலக்கெடு முக்கியம். முடிவில்லாத வேலையை யாராலும் அன்பளிப்பாகத் தர முடியாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்கிற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் ஒரு பைசா வாங்காமல் இரவு வகுப்பு நடத்தினார்கள். பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டு ரோட்டில் இறங்கினார்கள். அந்த வேகத்துக்கு ஒரு காரணம், அது ஓர் இலக்கும் தேதியும் உள்ள இயக்கமாக இருந்தது. அலை எழும், இறங்கும். தன்னார்வ உழைப்பின் இயல்பு அது. இறங்குகிற நேரத்தில் தாங்கிப் பிடிக்கச் சம்பளத்தில் நாலு பேர் இல்லையென்றால், எழுந்தது எல்லாம் கரைந்துவிடும்.

பேரிடர் நேரத்தில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு வந்து குவிந்த ஆட்களும் பொருட்களும் கொஞ்சநஞ்சமில்லை. பழைய துணி மூட்டைகள் ரோட்டோரம் மலையாகக் கிடந்தன. ஒரே குப்பத்துக்கு நாலு அமைப்பு சாப்பாடு கொண்டுபோகும், அடுத்த குப்பம் விடுபட்டுப்போகும். அதைச் சீராக்க மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து தொண்டு நிறுவனங்களுக்கென்றே ஓர் ஒருங்கிணைப்பு மையம் அங்கே வைக்க வேண்டியிருந்தது. யார் எங்கே போவது, யார் எதைக் கொண்டுபோவது என்று உட்கார்ந்து பட்டியல் போட ஒரு முழு நேர ஆள் வேண்டும். ஆயிரம் வாலண்டியருக்கு நடுவில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிற அந்த ஒருவர் கண்ணில் பட மாட்டார், போட்டோவிலும் இருக்க மாட்டார்.

கம்பெனிகளிலிருந்து ஒரு நாள் வாலண்டியராக வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே நிறத்தில் டி-ஷர்ட், பஸ், பேனர். பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள். நல்ல பிள்ளைகள்தான், வேர்க்க விறுவிறுக்க அடிப்பார்கள். ஆனால் சில சுவர்கள் ஒரே வருடத்தில் மூன்று கம்பெனியின் வண்ணத்தைத் தாங்கி நிற்கின்றன. இவர்கள் வந்து போகிற ஒரு நாளுக்கு நம் ஊழியர் மூன்று நாள் ஏற்பாடு செய்திருப்பார். அந்த மூன்று நாளையும் செலவாகக் கணக்குப் போட்டு, கம்பெனியிடம் சொல்லுங்கள். வண்ணம் அடிப்பதற்குப் பதில் அவர்களில் ஒரு கணக்காளர் மாதம் ஒருமுறை வந்து கம்ப்யூட்டரில் ‘டாலி’ மென்பொருளில் இருக்கும் உங்கள் கணக்குப் பதிவுகளைச் சரிபார்த்துக் கொடுத்தால், அது பத்துச் சுவருக்குச் சமம்.

வேண்டாம் என்று சொல்வது

சம்பளம் வாங்காதவரை எப்படி நிறுத்துவது? எல்லாருக்கும் வயிற்றைக் கலக்குகிற விஷயம் இது. பிள்ளைகளை அடிக்கிற தன்னார்வலர், வந்த இடத்தில் கட்சியோ மதமோ பேசுகிறவர், ஊழியப் பெண்களிடம் வரம்பு மீறிப் பேசுகிறவர். இவர்களிடம் ‘பாவம், சும்மா வர்றார்’ என்று பார்க்கவே கூடாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் டிரஸ்டுகளுக்கும் சங்கங்களுக்கும் பொருந்தும். அதில் ‘ஊழியர்’ என்பதற்குள் ஊதியம் இல்லாமல் தன்னார்வமாக வேலை செய்கிறவரும் அடக்கம். அதாவது வாலண்டியராக வருகிற பெண்ணுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் புகார்களை விசாரிக்க உள் குழு அமைத்தே ஆக வேண்டும். குழந்தைகளோடு வேலை என்றால், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். அப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தால் புகார் செய்வது விருப்பம் இல்லை, கடமை. மூடி மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை. ஆளைச் சேர்க்கும் முன்னால் நாலு இடத்தில் விசாரிப்பதும், குழந்தையோடு தனி அறையில் யாரும் இருக்கக் கூடாது என்று விதி வைப்பதும், அந்த விதி டிரஸ்டிக்கும் சேர்த்துத்தான் என்று சொல்வதும் முதல் நாள் வேலை.

இவ்வளவு பெரிய தவறு இல்லாமல், வெறுமனே வேலை ஒத்துவராத கேஸ்கள்தான் அதிகம். பாடம் நடத்தத் தெரியாத ஒரு பெரியவரிடம் நான் மூன்று மாதம் சுற்றி வளைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் எங்கள் சமையல்கார அக்காதான் போட்டு உடைத்தார்: “ஐயா, உங்களுக்குப் பிள்ளைங்கள வச்சு மேய்க்க வரல. தோட்டத்தப் பாத்துக்கிறீங்களா?” அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மறுநாள் மண்வெட்டியோடு வந்தார்.

முதலாளியாக இருக்கிற தன்னார்வலர்

கடைசியாக ஒன்று. இதை யாரும் பயிற்சி வகுப்பில் சொல்வதில்லை. பெரும்பாலான அமைப்புகளில் டிரஸ்டிகள், செயற்குழு உறுப்பினர்கள் எல்லாருமே சம்பளம் வாங்காதவர்கள். அதாவது மேலே உட்கார்ந்திருப்பவரும் தன்னார்வலர்தான். இதனால் வருகிற குழப்பம் தனி ரகம். டிரஸ்டி காலையில் டிரைவருக்கு நேராகப் போன் போட்டு, “தம்பி, வண்டிய எடுத்துக்கிட்டு வீட்டுப் பக்கம் வாப்பா” என்பார். மேலாளருக்குத் தெரியாது. பதினோரு மணிக்குக் கிராமத்துக்குப் போக வேண்டிய நர்ஸ் வாசலில் நிற்பார். அதே டிரஸ்டி சனிக்கிழமை மையத்துக்கு வந்து பாடமும் நடத்துவார். அப்போது அவர் ஒருங்கிணைப்பாளர் சொல்வதைக் கேட்க வேண்டிய வாலண்டியர். தொப்பியை மாற்றிக்கொள்ள எல்லாருக்கும் வராது.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, யார் யாருக்குச் சொல்லலாம் என்பதைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதிவிடுவது. ஊழியருக்கு வேலை சொல்வது மேலாளர் மட்டும். மையத்துக்குள் நுழைந்தால் வாலண்டியர் யாராக இருந்தாலும் மைய ஒருங்கிணைப்பாளர் சொல்படி. முடிந்தால், வாலண்டியர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரையாவது சம்பளத்தில் வையுங்கள், அரை நாள் வேலையாக இருந்தாலும் பரவாயில்லை. இலவசமாக வருகிற ஐம்பது பேரை இலவசமாகவே நிர்வகிக்க முடியாது.

அந்தத் தலைமையாசிரியர் ஐயா பிறகு வந்தாரா என்று கேட்பீர்கள். வந்தார், ஒரு வருடம் கழித்து, நான் வீட்டுக்குப் போய்ப் பேசிய பிறகு. அதற்குள் பீரோவுக்கு இரண்டு சாவி செய்து, உள்பக்கக் கதவில் ஒரு நோட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். யார் எதை எடுத்தாலும் தேதி, பொருள், கையெழுத்து. அவர் முதல் நாளே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய பக்கங்களையெல்லாம் புரட்டினார். ஒரு வரியில் விரலை வைத்து, “இது யாரு, சாக்பீஸ் ஒரு டப்பான்னு எழுதி அஞ்சு டப்பா எடுத்திருக்கிறது?” என்றார்.

டிரஸ்டி கையெழுத்து அது.